டேப் அக்காவும் முப்பத்து நாலு படியும்

டேப் அக்கா என்னைத் திட்டியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இரண்டு வாரமா, இருபத்தொரு வருஷம் என்பாள் என் மனைவி. அவள் போடும் கணக்கெல்லாம் எனக்கு எதிராகத்தான் முடியும், அதை விடுங்கள்.

எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு ஒரு வீடாக மொத்தம் மூன்று வீடு. கீழே நானும் மனைவியும். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். கோழி கிளறின மாதிரி டாக்டர்கள் எழுதுவதைப் படித்தே கண் பூத்துப்போனவன். நடுவில் கணக்கு டீச்சர். உச்சியில் டேப் அக்காவும் அவர் கணவர் டிரைவர் அண்ணனும். அவரவர் வீடு அவரவருக்குச் சொந்தம். படிக்கட்டு மட்டும் எல்லோருக்கும் பொது. பொது என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றுதான் நாங்கள் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு ஜன்னல் திரை தைக்கிற வேலை. அண்ணன் பஸ் ஓட்டிய காலத்தில் கிழிந்த சீட்டுகளுக்கு உறை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தவர், அப்படியே வீடுகளுக்குத் திரை தைப்பதற்கு மாறினார். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஒரு ஜன்னலை அளந்துவிட்டு வந்தால், மறுநாள் போய் முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல் திரும்பவும் அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கத்தரிக்கோலைத் தொடுவார். வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். வெட்டின துணி வளருமா என்று ஒரே கேள்விதான் கேட்பார்.

டிரைவர் அண்ணன் முப்பது வருஷம் இந்த ஊரையே சுற்றி வந்த மனிதர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். டீச்சர் வீட்டு வாசல் திருப்பத்தில் அவருடைய செருப்பு அலமாரி இடித்து நாற்காலி சாய்ந்தது. அண்ணன் விழவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தை இன்னமும் நான் மறக்கவில்லை. வீட்டுக்குள் போனதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இனிமே என்னைத் தூக்குறதுன்னா செத்த பிறகு தூக்குங்க.”

அதோடு அவர் இறங்கவே இல்லை. ஏழு மாதம். இறங்கினால் முப்பத்து நாலு படி. அவருக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. தெருமுனை டீக்கடையில் நின்று ஒரு டீ குடிக்கவேண்டும், அந்த முனையில் வளைந்து திரும்புகிற பஸ்களைப் பார்க்கவேண்டும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அவருக்குத் தெரிவது பஸ்ஸின் கூரை மட்டும்தான்.

அதற்காகத்தான் அக்கா வீட்டை விற்கத் துணிந்தார். மூன்று தெரு தள்ளி, தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரே ஒரு படி. இதை விற்று அதை வாங்குவது என்று முடிவானது. வாங்க வந்தவர் ஒரு கம்பெனி மேனேஜர். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. ஐந்து தடவை வந்து பார்த்தார். மனைவியைக் கூட்டிவந்தார், மச்சானைக் கூட்டிவந்தார், காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கையை நீட்டிப் பார்த்தார். முன்பணம் கொடுத்தார். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. அவருடைய பழைய வீட்டில் இடமில்லையாம், அதனால் ஐந்து பெட்டிச் சாமானையும் இரும்பில் செய்த ஒரு உடற்பயிற்சி சைக்கிளையும் முன்கூட்டியே கொண்டுவந்து அக்காவின் சின்ன அறையில் போட்டார். ஆள் வைத்துத்தான் ஏற்றினார், தான் ஏற்றவில்லை. அந்த சைக்கிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் அக்கா இரண்டு தப்புச் செய்தார். முதலாவது, புது வீட்டு ஜன்னல்களை ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு வந்து துணியை வெட்டிவிட்டார். இரண்டாம் அளவைப் பதிவு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. உள்ளேயிருந்து பார்த்தால் தெரு தெரியவேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்ததால் மெல்லிய நீலத் துணி. மொத்தம் ஆறு ஜன்னல்.

இரண்டாவது தப்பு, எங்களையெல்லாம் வெளுத்து வாங்கியது.

பதிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. இத்தனை வருஷத்தில் வாங்கி வைத்திருந்த எங்கள் சாமான்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வந்தார். சாமானோடு சேர்த்து, அவரவரைப் பற்றி மனதில் இருந்ததையும் கொடுத்துவிட்டுப் போனார். எதிர் வீட்டுக்காரரிடம் சல்லடையைக் கொடுத்துவிட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன ஏணி எங்கே என்றார். டீச்சரிடம் குடையைக் கொடுத்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறீர்கள், இந்தச் செருப்பு அலமாரி திருப்பத்தில் எத்தனை இஞ்ச் எடுத்துக்கொள்கிறது என்று ஒரு நாளாவது கணக்குப் போட்டீர்களா என்று கேட்டார். என் மனைவியிடம் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, தரை துடைத்த ஈரத்துணியைப் படிக்கட்டுக் கம்பியில் காயப்போடுகிற பொம்பளையை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஸ்கூட்டரை மழை படாமல் படிக்கட்டு முடிகிற இடத்தில் நிறுத்துவது வழக்கம்.

“செவுத்துக்கும் உன் ஸ்கூட்டருக்கும் நடுவுல பதினெட்டு இஞ்ச் இருக்கு தம்பி. குச்சி ஊனி நடக்கிறவருக்கு முப்பது வேணும். நீ மருந்து விக்கிறவன். அவருக்கு எந்தக் கால் வரலைன்னு எனக்கு அடுத்தபடியா உனக்குத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. போகப்போகிறவர்தானே, போகட்டும் என்று ஸ்கூட்டரை வேண்டுமென்றே இன்னும் ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி நிறுத்தினேன். என் யோக்கியதை இது, மறைக்கவில்லை.

புதன்கிழமை தரகர் வந்தார். நான் கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன வேகத்திலேயே இறங்கி வந்தார். என்ன என்றேன். மேனேஜர் கம்பி நீட்டிவிட்டார் என்றார். மாமியாருக்கு மூட்டுவலியாம், படி ஜாஸ்தியாம். ஐந்து தடவை ஏறி இறங்கினபோது அந்த மனிதருக்கு மாமியார் ஞாபகம் வரவில்லை. நாளைக்குப் பதிவு என்கிறபோது வந்திருக்கிறது.

மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரகர் மேலே ஏறிப் போனபோது நின்றது.  ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஓடியது. ஆறாவது திரையை அக்கா அன்றைக்குத்தான் தைத்து முடித்தார்.

இனிமேல் எந்த முகத்தோடு இறங்கி வருவார் என்று டீச்சர் என் மனைவியிடம் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒதுங்கிப் போவார், இல்லை, கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை அக்கா இருக்கிற அதே முகத்தோடு, கழுத்தில் டேப்போடு இறங்கினார். டீச்சருக்கு ஒரு தலையாட்டல், என் மனைவிக்கு ஒரு தலையாட்டல். எதிர் வீட்டு வாசலில் நின்று, ஏணி என்ன ஆச்சு என்றார். அன்று மாலையே ஏணி வந்து சேர்ந்தது.

ஒற்றைப் படி வீட்டுக்காரர் பத்து நாள் பொறுத்தார், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா வேறு யாருக்காவது தன் வீட்டை விற்கப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாம் டீச்சர் வீட்டு வாசலிலேயே மூச்சு வாங்கி நின்று, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். வெளியூரில் இருக்கும் மகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வாருங்கள், லிஃப்ட் இருக்கிறது என்று போனில் சொன்னாள். உன் லிஃப்ட் நின்றால் உன் அப்பாவை யார் தூக்குவது என்று கேட்டு அக்கா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அந்த வாரம் அண்ணனுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டு வாங்கினாலும் மாத்திரை மாத்திரைதானே. புது வீட்டுக்குப் போக அக்கா கட்டிவைத்த பெட்டிகள் அறை நடுவில் அப்படியே இருந்தன. சோபாமேல் ஆறு நீலத் திரைகளும் மடித்து அடுக்கியிருந்தன. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, போதும் விடு, எனக்கு இந்த ஜன்னலே போதும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஜன்னலுக்குத் தைக்கிறதுதான் என் வேலை. உங்கள அதுல மாட்டி வைக்கிறது இல்ல” என்றார் அக்கா.

அவர் அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை.  மாத்திரையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் சாமான்களை எடுக்க வந்தார். கூட ஒரு சுமை தூக்கும் ஆள். அக்கா மேலே வாசலில் நின்றுகொண்டு அந்த ஆளைக் கையமர்த்தினார். கீழே டீக்கடை இருக்கிறது, என் பேரைச் சொல்லி ஒரு டீ குடி தம்பி, பெட்டிகளை அப்புறம் வந்து இறக்கலாம், இப்போது உனக்கு டீ, சாருக்கு சைக்கிள் என்றார். அந்த ஆள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டீயின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். அந்த நல்ல சிரிப்பு அன்றைக்கு எடுபடவில்லை. முன்பணத்தை அக்கா ஒரு உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் செருகினார். திருப்பித் தரவேண்டியதில்லை என்று தரகரே சொல்லியிருந்தும் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் எதைச் சொல்லி மறுப்பார்? சத்தம் கேட்டுக் கட்டடமே வாசலுக்கு வந்திருந்தது. எதிர் வீடும் வந்திருந்தது.

“அஞ்சு தடவ ஏறும்போது நீங்க எண்ணல சார். எறங்கும்போது எண்ணுங்க” என்றார் அக்கா.

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேனேஜர் இறங்கினார். செருப்பு அலமாரியில் ஒரு பெடல் மாட்டியது. என் மனைவியின் ஈரத்துணி அவர் கழுத்தில் சுற்றியது. மேலே அண்ணன் நாற்காலியை வாசலுக்கே இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசிப் படியில் என் ஸ்கூட்டர். மேனேஜர் முக்கி முனகி நிற்க, நான் ஸ்கூட்டரை நகர்த்தப் போனேன்.

மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “எடுக்காத தம்பி. நாங்க இருபத்தொரு வருஷம் ஒடுங்கிப் போனோம். அவர் இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு திடமான ஆள் இரண்டு காலோடு படுகிற பாட்டை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மேனேஜர் போனதும் ஸ்கூட்டரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினேன். அன்று ராத்திரி மழை பெய்தது, நன்றாக நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தார். ஒன்றும் பேசாமல் டேப்பை உருவி எங்கள் கூடத்து ஜன்னலை அளந்தார். சமையலறை ஜன்னலை அளந்தார். கட்டில்மேல் ஏறி நின்று படுக்கையறை ஜன்னலை அளந்தார். நானும் மனைவியும் அவர் பின்னாலேயே நடந்தோம். எல்லாம் முடிந்ததும் அடுத்த நாள் வந்தார், திரும்பவும் எல்லாவற்றையும் அளந்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“அகலம் சரியா இருக்கு. நீளம்தான் அஞ்சு இஞ்ச் பத்தல. கீழ பட்டி வச்சு தைச்சுக்கலாம்.”

“எதுக்குக்கா?” என்றேன்.

“எங்க ஸ்கிரீன் உங்க ஜன்னலுக்கு. நீங்க மேல போங்க, நாங்க கீழ வர்றோம். வீட்டுக்கு வீடு. எங்களுது உங்களுதவிடப் பெருசு, காத்தும் வரும். நஷ்டம்னா எனக்குத்தான்.”

கெஞ்சல் ஒரு துளி இல்லை. திரைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் சுருட்டும்போது டேப் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. அதை என் மனைவியும் பார்த்தாள்.

ஆனாலும் அவள் லேசுப்பட்டவளா? “ஈரத்துணியப் பத்தி சொன்னீங்களே, அத முதல்ல வாபஸ் வாங்குங்க. அப்புறம் பேசலாம்” என்றாள்.

“சொன்னது சொன்னதுதான். அளவு தப்பா இருந்தா சொல்லு, மாத்திக்கிறேன். தப்பா?”

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் ஆரம்பித்தாள் பாருங்கள். விடியுமுன்னே தலைக்கு மேல் கடகடவென்று ஓடுகிற தையல் மெஷின், எங்கள் சாக்கடையை வருஷம் இரண்டு தடவை அடைக்கிற துண்டுத்துணி, நாங்கள் குளிக்கும்போதெல்லாம் மேலே மோட்டாரை நிறுத்துகிற கைராசி. அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். இருபத்தொரு வருஷச் சரக்கு. அக்கா குறுக்கே பேசவில்லை, மறுக்கவும் இல்லை. முடிந்ததும், துண்டுத்துணி என் தப்பு, மோட்டார் எனக்குத் தெரியாது, மெஷின் நிற்காது என்றார்.

“மெஷின் கீழ வந்துட்டா எங்க தலைக்கு மேல ஓடாதுல்ல?” என்றாள் என் மனைவி.

அக்கா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய மூன்று வாரம் ஆனது. பதிவு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா பட்டிக்குத் துணி வெட்டினார். அதே நீலம் கடையில் கிடைக்கவில்லை. பழைய பஸ் சீட்டு உறையில் மிஞ்சிய சிவப்புத் துணியை எடுத்து வைத்துத் தைத்தார். நீலத்துக்கு அடியில் சிவப்பு, கண்ணைக் குத்தியது. எடுபடவில்லையே என்று டீச்சர் இழுத்தார். தெரியட்டும், ஒட்டுப்போட்டதை ஒட்டுப்போட்டதாகவே காட்டிக்கொள்கிறேன் என்றார் அக்கா.

சாமான்கள் எல்லாம் இடம் மாறின. கடைசியில் மேல் வீட்டில் டிரைவர் அண்ணன் மட்டும் மிச்சம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடிக்கப் போனோம். அண்ணன் குச்சியால் எங்கள் கையைத் தட்டிவிட்டார். சுவரைப் பிடித்து மெல்ல முதல் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு நகர்ந்தார்.

அக்கா அவருக்கு இரண்டு படி கீழே, பின்பக்கமாக இறங்கினார். தொடவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் மட்டும்தான்.

“போலாம், ரைட்.”

டீச்சர் வீட்டுத் திருப்பத்தில் செருப்பு அலமாரி இல்லை. எப்போது எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அண்ணன் வேட்டியெல்லாம் தூசி. முகம் முழுக்க வேர்வை. இருபதாவது படியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். நான் முன்னால் போகப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்து நாலு படிக்கு ஒரு மணி பத்து நிமிஷம். கடைசிப் படியிலிருந்து எழுந்து, குச்சியை ஊன்றி, ஸ்கூட்டர் இல்லாத இடத்தில் தாராளமாகக் கால் வைத்து அவர் நடந்தார்.

நாலு நாள் கழித்து, காலை எட்டரை மணி இருக்கும். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருமுனைவரை நடந்து போய் டீக்கடை வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றார். அப்போது திரும்பிய பஸ் ஒன்று நடுத்தெருவில் சடக்கென்று நின்றது. அதன் டிரைவர், அண்ணனிடம் வேலை கற்றுக்கொண்டவராம், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, “அண்ணே!” என்று கத்தினார். வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைப் பிளந்தது. ஒருவர் காருக்குள்ளிருந்து கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். டேப் அக்கா தெரு நடுவில் போய், கழுத்தில் டேப்போடு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏழு மாசம் காத்திருந்தோம். நீங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க. குடி ஒண்ணும் முழுகிடாது.”

ஹாரன் அடங்கியது. அக்கா அப்போதுதான் அழுதார். முந்தானையால் துடைத்துக்கொள்ளவும் இல்லை, வண்டிக்காரர்களைப் பார்த்தபடியே, இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சரியாக இரண்டு நிமிஷம் ஆனதும் ஒதுங்கி வழிவிட்டார்.